கடைசியாகத் திறந்த நேரம்

கொட்பே மீன் ஏல அலுவலகத்தில்
ஒரு சீட்டைத் திறப்பதற்குள்
பிளேன்டீ ஆறிப்போகும்.
தயாபரி அதை அளந்தே வைத்திருந்தாள்.
"மிசின் பழசு.
புதுசு வேணுமெண்டு எழுதித் தாங்கோ, கையெழுத்து வாங்கிறன்."

மிசின் பழசில்லை.
கழற்றினேன். விசிறியில் உப்பு.
பலகையின் இடுக்கில் ஒரு சூரைச் செதில்,
எப்படிப் போனதென்று அதற்கே தெரியாது.
நினைவகம் போதும். செயலி சும்மா இருந்தது.
வட்டு மட்டும்
நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகும் வள்ளம்போல
முனகியது.

ஏழு வருடச் சீட்டுகள்.
ஒரு படகு, ஒரு கூடை, ஒரு விலை, ஒரு கோப்பு.
இருபத்தாறு லட்சம் கோப்புகள்
ஒரே ஃபோல்டருக்குள்.
எவனோ பென்டிரைவுக்குப் போடும் எக்ஸ்-ஃபாட்டை
வட்டு முழுக்கப் பூசிவிட்டுப் போயிருக்கிறான்.
இருநூறு எழுத்துச் சீட்டுக்கு
லட்சம் எழுத்துக் கொள்ளும் பெட்டி.
ஒற்றைக் கீரிமீனுக்கு ஒரு கூலர் லொறி.
ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால்
முதல் லொறியிலிருந்து ஒவ்வொன்றாகக்
கதவைத் தட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஏலத்தின் நடுவில் கரண்ட் போனால்
பாதி எழுதிய சீட்டு பாதியாகவே கிடக்கும்.
அறுக்குளா, நாற்பத்து
எத்தனை கிலோ?

வெள்ளிக்கிழமை ஏலமில்லை.
புது வட்டில் எக்ஸ்ட்-ஃபோர் போட்டேன்.
பெட்டி சின்னது. தேடக் கிளைவிட்ட மரம்.
எதைச் செய்தாலும்
செய்யப்போகிறேன் என்று முதலில் எழுதிவைக்கும்,
பிறகுதான் செய்யும்.
இரண்டு வேலை; கொஞ்சம் சுணக்கம்.
கரண்ட் வந்ததும்
விட்ட வரியில் விரலை வைத்து எழும்பும்.
அந்தச் சுணக்கத்துக்குச் சம்மதித்தேன்.

இன்னொன்றுக்குச் சம்மதிக்கவில்லை.
ஒரு கோப்பைச் சும்மா திறந்து பார்த்தாலும்
பார்த்த நேரத்தை வட்டு எழுதிக்கொள்ளும்.
வாசிப்பு ஒவ்வொன்றும் ஒரு எழுத்து.
இது யாருக்கு வேண்டும் என்று
ஏற்றும் வரியில் ஒரு சொல் சேர்த்தேன்:
பார்த்ததை எழுதாதே.

சனிக்கிழமை
தேநீரில் ஆவி பறக்கவே சீட்டு வந்தது.
தயாபரி இரண்டாம் தரமும் திறந்து பார்த்தாள்,
பகிடிக்கு மூன்றாம் தரமும்.
ஐஸ் மில் சுமணதாச எட்டிப் பார்த்து
"புதுசா?" என்றார்.
காசை எண்ணாமல் பையில் வைத்தேன்.

ஐந்து கிழமை கழித்து
கிண்ணியா அஜ்வாத் வந்தார்,
நனைந்த சாரத்தோடு, உட்காராமல்.
"என்ட கீழ்விலையை
ஏலத்துக்கு முதல்நாள் ராவு
ஆரோ துறந்து பாத்திருக்கான்.
மாத்தல்ல. பாத்தான்.
எத்தன மணிக்கெண்டு மட்டும் சொல்லுங்க."

மாற்றிய நேரம் இருக்கிறது. பிறந்த நேரம் இருக்கிறது.
பார்த்த நேரத்தின் இடத்தில்
அந்தச் சீட்டுப் பிறந்த நிமிடமே
உறைந்து நின்றது.

பழைய வட்டாக இருந்தாலும்
ராவுப் பிரதியெடுப்பு
அந்தத் தடத்தின்மேல் நடந்து போயிருக்கும் என்றேன்.
அது உண்மை.
அவர் கேட்டது அதையல்ல.
தயாபரி திரையைப் பார்த்துக்கொண்டே
மேசையில் கிடந்த ஊசியொன்றால்
ஒரு சீட்டைக் குத்திக்குத்தி எடுத்தாள்.
அஜ்வாத் சலாம் சொல்லாமல் போனார்.

இரவு வீட்டுக்குப் போகையில்
கோட்டைப் பக்கத்து மான்கள் மூன்று
வங்கியின் வெளிச்சத்தில்
கடதாசி தின்றுகொண்டு நின்றன.
ஒன்று மட்டும் தலையைத் தூக்கி
என்னைப் பார்த்தது.
மோட்டார்சைக்கிளைத் திருப்பினேன்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டான்.
அந்த ஒரு சொல்லை அழித்து,
எல்லாவற்றையும் எழுது என்று
வட்டை மறுபடி ஏற்றினேன்.

காலையில் தயாபரி போன் எடுத்தாள்.
"திரும்பக் கொஞ்சம் சுணங்குது போல கிடக்கு."
"எவ்வளவு?"
"பிளேன்டீ ஆறேல்லை," என்றாள்.
"ஆனா குடிக்கலாம்."